தாருக்குக் கீழே கறள்

சென்ற செவ்வாய்க்கிழமை காலை டோர்செட் பார்க் பகுதியில், ஓர் அப்பார்ட்மென்டின் பின்பக்கத்துப் பார்க்கிங்கில் நின்று, ஒரு காரைச் சங்கிலி போட்டு இழுத்துக்கொண்டு போவதைப் பார்த்தேன்.

சிவப்புக் கார். இரண்டு கதவு. பத்தொன்பது வயது. மூக்கு மட்டும் ஒரு கட்டில் அளவு நீளம். இந்த ஊர்ப் பொடியன்கள் வீதியில் கண்டால் நின்று திரும்பிப் பார்க்கிற ரகம். பொனற்றுக்குள்ளே எட்டுச் சிலிண்டர் எஞ்சின். அந்த எஞ்சினில் போன வருடம் முழுவதும் நாங்கள் பூட்டிய புத்தம் புதுச் சாமான்கள்... எல்லாம் பழைய இரும்பாகப் போயின.

காரின் சொந்தக்காரன் ரமணன் கீழே இறங்கி வரவில்லை. சாவியையும் பேப்பர்களையும் முதல்நாளே என்னிடம் தந்துவிட்டான்.

"நீங்களே குடுத்து அனுப்பிவிடுங்கோ அண்ணை. என்னாலை பாக்க ஏலாது."

"பூட்டின சாமானையாவது கழற்றி விப்பமே?" என்று கேட்டேன்.

"ஒரு ஆணியும் கழற்றவேண்டாம்."

ரமணன் எனக்குச் சொந்தம் இல்லை. நான் பெட்டி கட்டி அனுப்புகிற பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவன் மெஷினில் நிற்கிறான். முப்பத்தொரு வயது. கூச்சக்காரன். பஸ்ஸில் பக்கத்தில் இருந்து இருந்தே பழகிப்போனோம். 'இதை என் வாராந்தப் பேப்பர்ப் பத்தியில் எழுதட்டுமா?' என்று கேட்டேன். "எழுதுங்கோ, பேரை மட்டும் மாத்துங்கோ" என்றான். மாற்றியிருக்கிறேன். என் பேரை மாற்றத்தான் வழியில்லை - ஏனென்றால் இதில் முதல் குற்றவாளி நான்.

எப்படி என்கிறீர்களா?

இரண்டு கோடைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. மில்லிக்கன் பக்கத்துப் பிளாஸா ஒன்றுக்கு அரிசி வாங்கப் போயிருந்தோம். என் கையில் புதுக் கமெரா. நம்முடைய வழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே... ஊருக்கு அனுப்ப, பனிக்குள் நின்று ஒரு படம். வெயில் வந்ததும் காரில் சாய்ந்து ஒரு படம். யாருடைய கார்? யாருடையதோ! நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள் வாசகர்களே, உங்கள் அல்பத்தில் அப்படி ஒன்று இல்லையா? என்னிடம் இருக்கிறது. இந்த நாட்டுக்கு வந்த வருடம் ஒரு நீளமான கிறீம் நிறக் காரில் கை ஊன்றிக்கொண்டு நிற்கிறேன். அது யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அன்றைக்கு அந்தப் பிளாஸாவில் ஒரு சிவப்புக் கார் நின்றது.

"போய்ச் சாய்ஞ்சு நில்லடாப்பா" என்றேன்.

"ஆற்றையோ கார் அண்ணை. பேசப்போறாங்கள்."

"உது என்ன கடிக்குமே? கையை மேலை வை. சிரி."

சிரித்தான். எடுத்தேன். கார்க்காரன் பால் பையோடு வந்தான். எங்களைப் பார்த்துக் கை காட்டிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போனான். அவ்வளவுதான். ஒரு நிமிட அலுவல்.

அந்தப் படம் ஊரில் இருக்கிற ரமணனின் தாயிடம் போனது. தாய் அதைச் சாதகத்தோடு சேர்த்துத் தரகரிடம் கொடுத்தார். தரகர் அதைக் கொக்குவிலில், ஓய்வு பெற்ற ஒரு ஸ்ரேஷன் மாஸ்ரர் வீட்டுக்குக் கொண்டுபோனார். மகளின் பெயர் வசந்தி. பொருத்தம் பத்துக்கு எட்டு. பெண்ணின் படமும் வந்தது - கண்ணாடி போட்ட பிள்ளை, சிரிப்பை அடக்கிக்கொண்டு நிற்கிறது. ரமணன் அதைப் பேர்ஸுக்குள் வைத்துக்கொண்டான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மெதுவாக எடுத்துப் பார்ப்பான். கடிதங்கள் வரத் தொடங்கின. "இவ என்னை மாதிரி இல்லை அண்ணை, நல்லாய்ப் பகிடி விடுறா" என்று என்னிடம் சொல்லும்போது அவன் முகத்தைப் பார்க்கவேண்டுமே!

எல்லாம் சரியாகத்தான் போய்க்கொண்டிருந்தது. அப்போதுதான் வருங்கால மாமனாரின் கடிதம் வந்தது.

'மாப்பிள்ளையின் வாகனம் எத்தனை சிலிண்டர்?'

மனிதருக்குக் கார்ப் பைத்தியம். வீட்டுக் கொட்டிலில் ஒரு பழைய இங்கிலீஷ் கார் நிற்கிறதாம். சண்டை நடக்கிற ஊரில் பெற்றோல் கிடையாது. பெற்றோல் கிடைத்தாலும் ஓடப் பாதை கிடையாது. ஊரடங்கு போட்டால் நாள் முழுக்க வீட்டுக்குள். அந்த மனிதருக்கு எங்கள் படம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

"உள்ளதை எழுதிவிடு" என்று ரமணனுக்கு யாராவது சொல்லியிருக்கவேண்டும். நான் சொல்லவில்லை. அவன் 'எட்டு' என்று எழுதினான். அது பொய்யா? படத்தில் நின்ற கார் எட்டுச் சிலிண்டர்தானே!

அடுத்த கடிதம். பழைய மொடல் ஆயிற்றே, சூடேறாதா? இவ்வளவு வேகமான வண்டிக்குப் பிரேக் பிடிக்குமா? ரமணனுக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் வந்தான். வாரா வாரம் எழுதுகிற கை அல்லவா, எனக்கு வசனத்துக்கா பஞ்சம்? 'உடல் பழையது, உள்ளே இக்காலத்துப் புதிய பாகங்களைப் பொருத்தி வருகிறேன்' என்று சொல்லிக் கொடுத்தேன். அது என் வசனம். அதை எழுதிக் கொடுத்தபோது பெருமையாகக்கூட இருந்தது.

ஒரு கிழமை கழித்து ரமணன் பஸ்ஸில் கேட்டான்.

"சொன்னதை உண்மையாக்கிப்போட்டா, பிறகு அது பொய்யில்லைத்தானே அண்ணை?"

எவ்வளவு நேர்மையான கேள்வி! நானும் ஓம் என்றேன்.

அதே மொடல் கார் ஒன்று ஸ்ரௌவ்வில் பக்கம் ஒரு பண்ணையில் விலைக்கு நிற்பதாகப் பேப்பரில் கிடந்தது. பேரம்பலம் அண்ணையைக் கூட்டிக்கொண்டு போனோம். ஊரில் சொந்தக் கராஜ் வைத்திருந்தவர். இங்கே ஒரு கடையில் நாள் முழுக்கச் சைலென்ஸர் மாற்றுகிறார். வைக்கோல் போர்களுக்கு நடுவே கார் நின்றது. மண்ணிறம்.

நாம் கார் பார்க்கிற முறை தெரியும்தானே? அண்ணை எஞ்சினை ஸ்ராட் பண்ணச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டார். ஒயில் கம்பியை இழுத்து விரலில் தேய்த்துப் பார்த்தார். பின்னால் போய்ப் புகையின் நிறத்தைப் பார்த்தார். கடைசியாகக் குனிந்து அடியையும் பார்த்தார். அடி முழுக்கக் கறுப்பாய், தடிப்பாய்த் தார் பூசியிருந்தது.

"பாத்தியே தம்பி! அடிக்குத் தார் பூசி வைச்சிருக்கிறான். பெத்த பிள்ளை மாதிரிப் பாத்திருக்கிறான்."

எங்கள் மூன்று பேருக்கும் ஒரே சந்தோஷம். நம்முடைய ஊரில் எந்த றோட்டிலாவது இங்கேபோலப் பனி உருக உப்புக் கொட்டுகிறார்களா? அடியில் பூசிய தார் எதை மறைக்கும் என்று நமக்கு எப்படித் தெரியும்?

பிறகு ஒரு வருடம். மில்லிக்கனில் பேரம்பலம் அண்ணையின் வீட்டுக் கராஜில், சனிக்கிழமை தவறாமல். அமெரிக்கக் கற்றலொக்கைப் பார்த்துச் சாமான் எடுப்பித்தோம். பழைய கார்பரேற்றர் போய்ப் பெரியது வந்தது. பொறி எழுப்பப் பழைய பொயின்ற் போய் எலெக்ரோனிக் இக்னிஷன். கேம் ஷாப்ட் புதிது. முன் சில்லுகளுக்கு டிஸ்க் பிரேக். கடைசியில் ஐந்து கியர்ப் பெட்டி. மண்ணிறத்தைச் சிவப்பாக்கினோம்.

வேடிக்கை என்னவென்றால், ஒவ்வொரு சாமானும் முதலில் கடிதத்தில்தான் பூட்டப்பட்டது. பிறகுதான் காரில். ரமணன் மாமனாருக்கு எழுதிவிட்டு வருவான், நாங்கள் பின்னால் ஓடி ஓடி அதை உண்மையாக்குவோம். அவரும் விடவில்லை. கேம் ஷாப்டுக்குப் படம் கீறி விளக்கம் கேட்டார். அயலட்டைச் சனத்தை எல்லாம் கூப்பிட்டுக் கடிதத்தை வாசித்துக் காட்டுகிறார் என்று ரமணனின் தாய் எழுதியிருந்தார்.

வசந்தி? அந்தப் பிள்ளை வேறு விஷயங்கள் கேட்டாள். குளிர் எப்படி? பஸ் தரிப்பிடம் வீட்டுக்குக் கிட்டவா? காலையில் என்ன சாப்பிடுகிறீர்கள்? ஒருமுறை, 'அப்பாவுக்கு எழுதுவதில் பாதி எனக்கும் எழுதினால் குறைந்தா போய்விடுவீர்கள்?' என்று கேட்டிருந்தாள். ரமணன் கராஜில் வைத்து அதை எங்களுக்கு வாசித்துக் காட்டினான். மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துவிட்டு மறுபடி பொனற்றுக்குள் தலையை விட்டோம்.

என் மனைவி மட்டும் ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள்.

"உந்தப் பொடியன் அந்தப் பிள்ளைக்கு உள்ளதை எப்ப சொல்லப்போறான்?"

"என்னத்துக்கு? அதே மொடல், அதே நிறம். ஆர் கண்டுபிடிக்கப்போகினம்?"

"கண்டுபிடிக்கிறதைப் பற்றியே நான் கேட்டனான்?"

நான் குழம்பைக் கேட்டு வாங்கிப் பேச்சை மாற்றினேன்.

இந்த மார்ச் மாதம் வேலை முடிந்தது. வசந்தி இங்கே வருவதற்கான விசா அலுவல்களும் கிட்ட வந்துவிட்டன. கோடையில் வந்துவிடுவாள், விமான நிலையத்தில் இந்தக் காரோடு போய் நிற்கலாம் என்பது திட்டம். இலக்கத்தகடு எடுக்கமுதல் கார் பாதுகாப்பானது என்று ஒரு கராஜில் சான்று வாங்கவேண்டுமே... ஒரு வயதான இத்தாலிக்காரரிடம் கொண்டுபோனோம். எஞ்சினை ஸ்ராட் பண்ணியதும் மனிதர் விசில் அடித்தார். ரமணன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அவன் வாய் விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

காரை மேலே உயர்த்தினார்கள். இத்தாலிக்காரர் ஒரு ஸ்குரூ டிறைவரை எடுத்து, அடியில் பூசிய தாரில் ஓர் இடத்தில் குத்தினார்.

கைபிடி வரை உள்ளே போனது.

இரும்பில் குத்துகிற சத்தமே வரவில்லை. ஊறின பிஸ்கற்றில் குத்தியதுபோல. இழுத்ததும் துருவாகிப்போன இரும்பு மண்ணிறக் கறளாய்ச் சொரசொரவென்று நிலத்தில் கொட்டியது. அடுத்த பக்கம் குத்தினார். அங்கேயும் அதேதான். பத்தொன்பது குளிர்காலத்து உப்பு, காரைத் தாங்குகிற சட்டம் முழுவதையும் தின்று முடித்திருந்தது. அதைத் தின்ற பிறகுதான் எவனோ தாரைப் பூசியிருக்கிறான்.

"எஞ்சின் அருமை" என்றார் இத்தாலிக்காரர், இங்கிலீஷில். "ஆனால் அதைத் தாங்க இந்தக் காரில் ஒன்றும் இல்லை. பழைய எஞ்சின் என்றால் இன்னும் கொஞ்சக் காலம் உருண்டிருக்கும். இந்தப் பலத்தோடு அக்ஸிலரேற்றரை அமத்தினால் முறுகி உடைந்துவிடும். ஓடவேண்டாம்."

பேரம்பலம் அண்ணை அவர் முகத்தையே பார்த்தார். "வெல்ட் பண்ணி ஒட்டேலாதோ?"

"எதோடு ஒட்டுவது?"

கராஜ்காரர் இழுவை வண்டியில் காரை ரமணனின் பார்க்கிங்கில் கொண்டுவந்து இறக்கினார். பேரம்பலம் அண்ணை பார்க்கிங் வாசலிலேயே நின்றுவிட்டார். "தாரைக் கண்டு மயங்கிப்போனன் தம்பி" என்றார். ஐம்பத்தெட்டு வயது மனிதர், ரமணனின் முகத்தைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ரமணன் அழவில்லை. "அண்ணை, நான் அவவுக்கு எழுதப்போறன். எல்லாத்தையும்" என்றான் என்னிடம்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "இப்ப எழுதாதை. வந்து இறங்கட்டும். பிறகு ஆறுதலாய்ச் சொல்லலாம்" என்றேன். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சொன்னேன்.

நல்லவேளை, அவன் கேட்கவில்லை. தானே இருந்து எழுதினான். எனக்குக் காட்டவும் இல்லை. அந்த ஒரு கடிதத்தில்தான் என் வசனம் ஒன்றும் இல்லை.

இரண்டரை மாதம் பதில் இல்லை. பனி உருகியது. கார் நின்ற இடத்திலேயே நின்றது. கட்டடக் கண்காணிப்பாளர் கண்ணாடியில் நோட்டீஸ் ஒட்டினார். ரமணன் தினமும் வேலையால் வந்து தபால் பெட்டியைத் திறந்து பார்ப்பான். மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேர்ஸை எடுப்பதை விட்டுவிட்டான்.

போன வெள்ளிக்கிழமை பதில் வந்தது. ஒரே உறைக்குள் இரண்டு தாள்கள். திங்கட்கிழமை சாப்பாட்டு அறையில் இரண்டையும் என் முன்னால் வைத்தான், கார்ச் சாவியையும் பேப்பர்களையும் சேர்த்து.

ஒன்று மாமனாருடையது. ஐந்தே வரி, மரியாதையான எழுத்து. கார் இல்லாதது ஒரு குறையே இல்லையாம். இல்லாததை இருக்கிறது என்று ஒன்றரை வருடம் எழுதத் தெரிந்தவரிடம் பிள்ளையைக் கடல் கடந்து தனியே அனுப்ப மனம் ஒப்பவில்லையாம். வேறு இடம் பார்க்கிறார்களாம். அவரில் என்ன பிழை? எனக்கு ஒரு மகள் இருந்தால் நானும் இதைத்தான் எழுதியிருப்பேன்.

மற்றத் தாள் வசந்தியுடையது. அது இன்னும் சிறியது.

'இதை நீங்கள் போன வருடமே எழுதியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அப்பாவையும் எப்படியாவது சமாளித்திருப்பேன். இப்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை.'

வாசித்து முடித்து நிமிர்ந்தபோது ரமணன் யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். கடிதங்களை மடித்து அவன் பக்கம் நகர்த்திவிட்டு, சாவியை எடுத்துப் பைக்குள் போட்டேன்.

போன வருடம் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று வீட்டுக்கு வந்து எண்ணிப் பார்த்தேன். கார்பரேற்றர் பூட்ட மூன்று சனிக்கிழமை. பிரேக்குக்கு ஐந்து. கியர்ப் பெட்டிக்கு இலையுதிர்காலம் முழுவதும்.

ஒரு கடிதம் எழுத அரை மணித்தியாலம் போதும்.