தபசு காலத்தில் நோகாத கல்

அம்மாவின் வயிற்று நோவுக்கு எங்கள் வீட்டில் ஒரே பெயர், வாய்வு. ஆட்டிறைச்சியோ மீன் பொரியலோ சாப்பிட்டால் சற்று நேரத்தில் வலப்பக்க விலாவுக்குக் கீழே பிடிக்கும். தோள்பட்டை வரை ஏறும். சத்தி வந்து தின்றதெல்லாம் வெளியே போகும். பால் விடாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீயைக் குடித்துவிட்டுச் சுவரில் சாய்ந்திருப்பார். குருநகரில், கடற்றொழில் செய்கிற வீட்டில் பொரியல் இல்லாத நாள் ஏது?

நான் தாதியர் பயிற்சியில் சேர்ந்த பிறகு பித்தப்பை பற்றிய வகுப்பு வந்தது. பித்தப்பையில் கல் யாருக்கு அதிகம் வரும் என்று விரிவுரையாளர் அடுக்கினார்: நடுவயது, கொஞ்சம் உடம்பு, பிள்ளை பெற்ற பெண்கள். அம்மாவை முன்னால் இருத்தி வைத்துச் சொல்வது போலிருந்தது. அடுத்த கிழமையே அவரை இழுத்துக்கொண்டு போய் ஸ்கான் எடுப்பித்தேன். கற்கள் இருந்தன. பித்தப்பையை வெட்டி எடுத்துவிடுவதே நல்லது என்றார் வைத்தியர். அம்மாவும் ஓம் என்று தலையாட்டினார்.

அதற்குள் உயிர்த்த ஞாயிறுக்கு முந்திய நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்கிவிட்டது. மற்றவர்கள் வெள்ளிக்கிழமைகளில் இறைச்சியை விடுவார்கள். அம்மா தபசு முடியும் வரை மீன், இறைச்சி, பொரியல், தேங்காய்ப்பால் எதையும் தொடமாட்டார். சோறும் அவித்த மரக்கறியும்தான். நோ போன இடம் தெரியவில்லை. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த கிழமை வரச்சொல்லி ஆஸ்பத்திரியில் திகதி தந்தார்கள். அம்மா மறுத்துவிட்டார்.

"நான் வரேல்லை. மாதா சுகப்படுத்திப்போட்டா. போன வருசமும் தபசுக்குள்ளை நோகேல்லை."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அம்மா, கொழுப்புச் சாப்பிட்டால்தான் பித்தப்பை சுருங்கிப் பித்தநீரை வெளியிலை விடும். அந்த நேரம் கல்லு வாசலிலை இறுகினால் நோகும். நீங்கள் எண்ணெயைத் தொடேல்லை, அதுதான் அது சும்மா கிடக்குது. கல்லு குழாய்க்குள்ளை இறங்கினால் கண்ணெல்லாம் மஞ்சளாகிச் செங்கமாரி வரும், காய்ச்சல் வரும். பிறகு உயிருக்கே ஆபத்து."

அம்மா கையிலிருந்த செபமாலையை மடியில் வைத்தார். முகம் வாடிப்போனது. பாடத்தில் ஒன்றும் விடாமல் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் இருந்த பெருமை, அந்த முகத்தைப் பார்த்ததும் இறங்கிவிட்டது. அவருக்கு இருந்த ஒரு ஆறுதலையும் பிடுங்கிவிட்டேனோ என்று கவலையாக இருந்தது. சொல்லாமல் விட்டு அவரையே பறிகொடுத்துவிடுவேனோ என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"அப்ப, கல்லு அப்பிடியேதான் இருக்குதோ?"

"ஓம் அம்மா."

அவர் மடியிலிருந்த செபமாலையை மறுபடி கையில் எடுத்தார்.

"இவ்வளவு நாளும் நான் நோகாமல் நித்திரை கொண்டன் பிள்ளை. அதை ஆர் தந்ததெண்டு நீ எனக்குப் படிப்பிக்க வேண்டாம். அண்டைக்கு எத்தினை மணிக்கு ஆஸ்பத்திரியிலை நிக்கவேணும், அதை மட்டும் சொல்லு."