அரைத் தீக்குச்சி மனிதன்

டிசம்பர் பிறந்துவிட்டால் எங்கள் விளாங்குடி வீட்டில் எனாமல் வர்ணமும் தின்னரும் மூக்கைத் துளைக்கும். பளபளப்பதுதான் பக்தி, மங்கிக் கிடப்பது அந்த வீட்டாரின் சோம்பேறித்தனம் என்று குடும்பமே நம்பியிருந்த காலம் அது. வாசல் இரும்புக் கதவுக்கு அப்பா ஆண்டுதோறும் வெள்ளி வர்ணம் பூசுவார். உள்ளே அரித்துப் போயிருக்கிறதா என்று ஒருமுறையும் தட்டிப் பார்த்ததில்லை. பங்குக் கோவில் நடத்திய கிறிஸ்துமஸ் குடில் போட்டியில் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து முதற்பரிசு பெற்றவர் அவர். அவருடைய மாட்டுத்தொழுவத்தில் வைக்கோலுக்குக்கூட ஜிகினா உண்டு.

பதின்மூன்று வயதில் அதற்கு நேர் எதிரான ஒன்றை நான் செய்தேன். பள்ளி நூலகத்து அறிவியல் இதழில் பார்த்த விண்கலங்கள் எல்லாம் அப்போதுதான் சோப்புப் போட்டுக் கழுவியவை போலிருந்தன. அத்தனை தூரம் அலைந்த கலம் எப்படி அவ்வளவு சுத்தமாக இருக்கும் என்ற எரிச்சலில் பிறந்தது என் கலம். திண்டுக்கல் சாலையோரத்து வறண்ட கண்மாய் ஒன்றில் எப்போதோ வழிதவறி இறங்கி, மறுபடி எழும்ப முடியாமல் துருவேறிக் கிடப்பதாக என் கற்பனை. இரண்டு பவுடர் டப்பாக்களை ஒட்டி உடலாக்கினேன். செல்லூர்த் தறிக்கூடம் ஒன்றில் கேட்டு வாங்கிய, நூல் சுற்றும் "தார்க்குச்சிகள்" உந்துகுழல்கள் ஆயின. கலத்தின் நிழலில் ஒரே ஒரு விமானி, தன்னைக் கூட்டிப் போக வருபவர்களுக்காக உட்கார்ந்திருந்தான். யாரும் வரப்போவதில்லை என்பதுதான் கதை.

அவன் எழுந்து நின்றால் அரைத் தீக்குச்சி உயரம். அதுதான் என் அளவுகோல். கதவு, ஏணி, சன்னல் எல்லாம் அவனுக்கு ஏற்பவே அமைந்தன. துருவைக் கற்றுக்கொள்வதற்காகக் காளவாசலில் ஒரு பட்டறைக்கு வெளியே கைவிடப்பட்டுக் கிடந்த லாரியின் முன்னால் பல மாலைகள் நின்றிருக்கிறேன். துரு எங்கும் ஒன்றுபோலப் படர்வதில்லை. ஆணித்தலையில் தொடங்கி, மழைநீர் வழிந்த தடத்திலேயே கீழிறங்கும். முதலில் செங்காவி பூசி, அது ஈரமாக இருக்கும்போதே கல்லுப்பைத் தூவி, அதன்மேல் சாம்பல் வர்ணம் அடித்து, காய்ந்தபின் உப்பைத் தேய்த்து உதிர்த்தால், வர்ணம் பெயர்ந்த பழைய இரும்பு அப்படியே கண்முன் நிற்கும். ஒழுகல் கறைக்கு டீ டிகாக்ஷன், புகைத் தடத்துக்கு அடுப்புக்கரி. குழைத்து ஊற்றிய கண்மாய் மண்ணில் வெடிப்புகளை வெயிலே போட்டுக் கொடுத்தது.

"ஏன்டி, வீட்ல இருக்குற அழுக்கு பத்தாதுன்னு நீ வேற இம்புட்டு அழுக்கச் செஞ்சு வைக்கிறியா?" என்பாள் அம்மா. ஆனால் டிகாக்ஷனில் கொஞ்சம் எடுத்துவைக்க அவள் மறந்ததில்லை. ஜனவரியில் பள்ளிக் கண்காட்சியில் அதை வைப்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே இல்லை.

குடில் போட்டி நடுவர்கள் வீடுவீடாக வரவேண்டிய நாள் காலையில், மழையில் கூரை ஒழுகி, குடிலுக்காக அப்பா தாளில் செய்திருந்த மலை கூழாகிச் சரிந்தது. மதியம் டியூஷனிலிருந்து நான் திரும்பியபோது என் கலம் நடுக்கூடத்தில் இருந்தது. அதைச் சுற்றிக் குடில் சுரூபங்களை அப்பா அடுக்கியிருந்தார். சூசையப்பர் என் விமானியைப் போல எட்டு மடங்கு. ஆட்டுக்குட்டி ஒன்று உந்துகுழலைவிடப் பெரிதாக நின்றது. பாலன் இயேசு கலத்தின் கதவுக்குள் நுழையாததால் கூரைமேல் கிடத்தப்பட்டிருந்தார்.

"அப்பா, இது குடில் இல்லப்பா."

"சும்மா இரு தாயி. எம்புட்டுப் பொருத்தமா இருக்கு பாரு!"

நடுவர்கள் மூவர் வந்தார்கள். அவர்களில் மூத்தவரான ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் கைகளைக் கட்டிக்கொண்டு கலத்தை ஒரு சுற்றுச் சுற்றினார். "விஞ்ஞானம் துருப்பிடிச்சுப் போச்சு, விசுவாசம் நிமிந்து நிக்குது. அதத்தான சொல்ல வாரீக?" என்று அப்பாவைக் கேட்டார்.

"ஆமா சார், அதேதான்" என்றார் அப்பா, பல மாதங்கள் யோசித்து வைத்திருந்தவர் போல.

என்னால் பொறுக்க முடியவில்லை. "இத அப்பா செய்யல, நான் செஞ்சேன். இந்த ஆளக் கூட்டிட்டுப் போக யாரும் வரல. அதான் கதை" என்றேன்.

தலைமையாசிரியர் குனிந்து என் கன்னத்தைத் தட்டினார். "அதேதான் பாப்பா! இம்புட்டு நாளாக் காத்திருந்தவனுக்கு மீட்பர் வந்துட்டார்ல?"

"அப்பாவுக்கு ஒத்தாசையா இருந்திருக்கா. நல்ல புள்ளண்ணே" என்றார் இன்னொருவர். எல்லோரும் சிரித்தார்கள். உந்துகுழலைவிடப் பெரிய ஆட்டுக்குட்டி அந்த ஆறு கண்களில் ஒன்றையும் உறுத்தவில்லை. மூக்குக்கண்ணாடிக்குப் பின்னால் ஏதாவது இருக்கவேண்டும் என்பதற்காகவே அவர்கள் கண்களை வைத்திருந்தார்கள் போலும்.

முதற்பரிசு அப்பாவுக்கே. பரிசு பெற்ற குடிலைக் கோவிலில் வைப்பது வழக்கம். கிறிஸ்துமஸ் காலைப் பூசைக்குப் போனபோது என் கலம் உச்சி முதல் அடி வரை வெள்ளி வர்ணத்தில் மின்னியது. விழாக்குழுவினர் ஆசையோடு பூசியிருந்தார்கள். மண் வெடிப்புகளைப் பச்சை மரத்தூள் போட்டு மூடியிருந்தார்கள். விமானியைக் காணவில்லை. இடைஞ்சலாக இருந்ததால் எடுத்துப் போட்டுவிட்டார்களாம். "இப்பத்தான் பாக்க லட்சணமா இருக்கு" என்றார் அப்பா, உண்மையான மகிழ்ச்சியோடு. அந்த மகிழ்ச்சியைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. திருடியவர் என்றால்கூட, எடுத்த பொருள் இன்னதென்று அவருக்குத் தெரிந்திருக்கும். பள்ளிக் கண்காட்சிக்கு நான் எதையும் கொண்டுபோகவில்லை.

அந்தக் கண்மாய் இப்போது வீட்டுமனைகளாகிவிட்டது. குடில் போட்டியும் வாட்ஸ்அப்புக்குப் போய்விட்டது. கடையில் வாங்கிய ஃபைபர் குகையைப் படமெடுத்து அனுப்பினால் போதும், நடுவர்கள் நாற்காலியை விட்டு எழவே வேண்டாம். அன்று வந்த மூவரும் காலமாகிவிட்டார்கள். அப்பாவும் இல்லை. அவரிடம் எனக்குப் பிரியம் குறையவில்லை, அந்த ஒரு செயல்மீதுள்ள ஏளனமும் குறையவில்லை.

போன டிசம்பரில், மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா, நான் எதுவும் கேட்காமலே சொன்னாள்: "அந்தத் துருவண்டிக்குக் கீழ ஒரு ஆளு தனியா உக்காந்திருந்தான்ல? யாராச்சும் வருவாகன்னு பாத்துக்கிட்டே... அவன நெனச்சா இப்பவும் ஒரு மாதிரியா இருக்குடி."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மொச்சையை உரிக்கத் தொடங்கினேன். அவனை அவனாகவே பார்த்தவர்கள் இந்த வீட்டில் இரண்டு பேர் இருக்கிறோம்.