உதை விடு

வெயிலில் காய்ந்த புல்லின் மணம். முழங்காலில் தேய்த்த வலித் தைலத்தின் எரிவு... ஐந்து வருடங்களுக்கு முந்தைய அந்தப் பின்னேரம் எனக்கு இப்படித்தான் தொடங்குகிறது.

அப்போது கொழும்புக் கால்பந்துக் கழகம் ஒன்றின் பின்களத்தில் ஆடிக்கொண்டிருந்தேன். ஒரு வருட ஒப்பந்தம். சீசனின் கடைசி ஆட்டம் யாழ்ப்பாணத்தில். அதைப் பார்த்துத்தான் அடுத்த வருடம் பற்றிச் சொல்வேன் என்றிருந்தார் கோச்.

எங்கள் கோல் காப்பாளன் சிங்கள இளைஞன். பந்தைத் தானே பிடிப்பதென்றால் "கீப்பர்!" என்று கத்துவான். நான் விலகிவிடுவேன். சீசன் முழுவதும் அந்த ஒரு சொல்தான்.

அன்று அவனுக்குக் காயம். பதிலுக்கு இறங்கியவன் நெல்லியடி ஜீவன். என் ஊர்க்காரன் பின்னால் நிற்கிறான்... கொஞ்சம் ஆறுதலாக இருந்தது.

கடைசி நிமிடங்கள். இரு பக்கமும் கோல் இல்லை. தலைக்கு மேலால் வந்த பந்தைத் துரத்தி, எங்கள் கோலை நோக்கியே ஓடினேன். ஜீவனும் முன்னே ஓடிவந்தான்.

"உதை விடு!"

முதல் சொல் மட்டும் கேட்டது. உதைத்தேன்.

பந்து ஜீவனின் தோளில் பட்டு, எங்கள் வலைக்குள்ளேயே உருண்டது.

வேலியோரம் ஒரு குரல்: "தம்பி, நீ ஆரின்ரை பக்கமடா?" சனம் சிரித்தது.

ஜீவன் தலையில் கை வைத்தான். "விடு எண்டெல்லோ கத்தினனான்!"

"உதை எண்டாய். உதைச்சன்."

"ஐயோ விசரா, உந்தப் பந்தைச் சொன்னனான். உதை... விடு!"

என்ன நடந்தது என்று கோச் ஆங்கிலத்தில் கேட்டார். எங்கள் பேச்சில் 'உதை' என்றால் 'உன்னிடம் இருக்கிற அதை' என்றும் பொருள். அதை எந்த மொழியில் விளக்குவது? "சொரி" என்று மட்டும் சொன்னேன்.

ஒப்பந்தம் வரவில்லை. இரண்டு வருடம் ஊர்ப் போட்டிகள். ஃபோன் அடிக்கும்போதெல்லாம் ஏதாவது கழகமோ என்று ஓடிப்போய் எடுப்பேன். பெரும்பாலும் ஜீவன்தான். "மச்சான், ஏதும் வந்ததே?"

மூன்றாம் வருடம் வேறொரு கழகம் எடுத்தது. இன்றும் அங்கேதான். இன்றும் வருடத்துக்கு வருடம்தான் ஒப்பந்தம். இந்த மாதம் அடுத்த வருடத்துக்கான பெயர்ப் பட்டியல் வரும்.

இப்போது யார் என்ன கத்தினாலும், சொல் முழுதாக முடியட்டும் என்று கால் காத்திருக்கிறது. அரை நொடி. புதிய கோச் அதை நிதானம் என்று பாராட்டுகிறார். எதிரே ஓடிவரும் பத்தொன்பது வயதுக்காரனுக்கு அந்த அரை நொடி போதும் என்பது எனக்குத் தெரியும்.

அன்று உதைத்தவன் பிழை விட்டான்தான்.

ஆனால் அவனுடைய கால் சுணங்கவில்லை.