இரத்தத்தில் உப்புக் குறைந்த எட்டாம் நாள்

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். மூளையின் அடியில் பிட்யூட்டரிச் சுரப்பியில் வளர்ந்திருந்த கட்டியைக் கொழும்பில் மூக்கு வழியாக எடுத்தார்கள். முதல் இரண்டு நாளும் மூத்திரம் போத்தல் போத்தலாகப் போனது, தாகம் அடங்கவேயில்லை. பிறகு அது தானாக நின்றது.

வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் என்னிடம் சொன்னார்: "இனி இது மறுபக்கம் திரும்பலாம். உடம்பு தண்ணியை வெளியில விடாமப் பிடிச்சு வைக்கும், ரத்தத்தில உப்புக் குறையும். தாகத்துக்கு மட்டும் குடிக்கட்டும். தலையிடி, சத்தி, தடுமாற்றம் வந்தால் உடன சோடியம் பாருங்கோ."

லிங்கநகரில் எங்கள் வீட்டுக்கு அவரைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் வெயிலைச் சொல்லி இளநீரோடு வந்தார்கள். அவரும் ஆஸ்பத்திரிப் பழக்கத்தில் செம்பு செம்பாகக் குடித்தார். நான் தடுத்தபோது சிரித்தார்.

எட்டாம் நாள் காலை தலையிடி என்றார். குடித்த தேநீரைச் சத்தியெடுத்தார். சற்று நேரத்தில் சேர்ட்டை உட்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

"வேலைக்குப் போற வான் வந்திட்டுதோ?"

இருபது வருடமாக மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகிறவர். எனக்கு விளங்கிவிட்டது.

அவருடைய அக்கா இளநீர் வெட்டக் கத்தியை எடுத்தார். "வெயில் தலைக்கேறிட்டுது. இன்னும் ரெண்டு குடுப்பம்."

"ஒரு சொட்டும் வேண்டாம் மச்சாள். ஓட்டோவைக் கூப்பிடுங்கோ."

ஊர் ஆஸ்பத்திரியில் இளம் வைத்தியர் ஒருவர் பார்த்தார். நான் கொழும்பு வைத்தியர் தந்துவிட்ட கடிதத்தை நீட்டினேன். "டொக்டர், பிட்யூட்டரி ஒப்பரேசன் செய்து எட்டு நாள். முதல்ல சோடியம் பாருங்கோ."

அவர் கடிதத்தை முழுதாக வாசித்துவிட்டு உடனே இரத்தம் எடுத்தார். முடிவு வந்ததும், "நல்லாக் குறைஞ்சு போச்சு" என்றார். "நீங்கள் நேர்ஸோ?"

"இல்லை. வீட்டில உடுப்புத் தைக்கிறனான்."

உப்புக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். அவசரப்பட ஏலாது, கெதியாக ஏற்றினால் மூளைக்குக் கேடு என்றார்கள். குடிக்கும் தண்ணீருக்கும் அளவு. அளவுக் கோப்பை என் கையில்தான் இருந்தது. "ஒரு மிடறு தாவன்" என்று அவர் கெஞ்சியபோது நெஞ்சு கரைந்தது, ஆனாலும் கொடுக்கவில்லை.

அங்கே சேர்த்த மூன்றாம் நாள் தெளிவாகக் கண்ணைத் திறந்து, "இப்ப கிரேனில ஆர் நிக்கிறது? புதுசா வாறவனுக்குக் காத்தடிச்சா நிப்பாட்டத் தெரியாது" என்றார். நான் சிரித்தபடியே அழுதேன்.

மூன்று மாதத்தில் வேலைக்குத் திரும்பினார். மச்சாள் இப்போது எது கொண்டுவந்தாலும் முதலில் என்னிடம்தான் கேட்கிறார்.