ஒரு ரொட்டி கோசோங்

படிவம் மூன்றோடு பள்ளியை விட்டவன் நான். யாராவது ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் பக்கத்தில் இருப்பவனைக் கைகாட்டிவிடுவேன். அப்படிப்பட்ட நான் இரண்டு ஜெர்மன் முதலீட்டாளர்களுக்கு எங்கள் செயலியை விளக்க வேண்டியிருந்தது. மேசையில் பேசுவதைக் கேட்டு, ஆர்டரை நேராக அடுப்படிக்கு அனுப்பும் செயலி அது. அவர்கள் கைவிரித்தால் நான் மறுபடியும் கிள்ளானில் லோரி ஓட்ட வேண்டியதுதான்.

பிரிக்ஃபீல்ட்ஸில், அதைச் சோதித்துப் பார்க்கச் சம்மதித்த ஒரே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். செயலி ஓடிக்கொண்டிருந்த கைப்பேசியை மேசையில் வைத்து, மனப்பாடம் செய்ததை ஒப்பித்து முடித்தேன். இருவரில் மூத்தவர் கேட்டார்: "இதை எத்தனை கடைகள் வாங்கியிருக்கின்றன?"

செயலியை எழுதிய என் மச்சானைப் பார்த்தேன்.

"கோசோங் லா மச்சான்," என்று முணுமுணுத்தான். மலாயில் கோசோங் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

"மெதுவா பேசுடா, மானத்த வாங்காத!"

பொய் சொல்லிவிடலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்தபோது, பரிமாறுபவர் மூத்தவர் முன்னால் ஒரு தட்டை வைத்தார்.

"ரொட்டி கோசோங் ஒன்னு, பாஸ்."

முட்டை, வெங்காயம் எதுவும் போடாத வெறும் ரொட்டிக்கும் இங்கே அதுதான் பெயர். யாரும் கேட்காத ரொட்டியைப் பார்த்து மூத்தவர் விழித்தார். வேறு வழியில்லாமல், மேசையிலிருந்த கைப்பேசியைக் காட்டி நடந்ததை அப்படியே சொன்னேன்.

"அந்த முணுமுணுப்பா அதற்குக் கேட்டது?" என்று சிரித்தவர், ரொட்டியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்தார். "மூன்று கடைகளில் போட்டுக் காட்டுங்கள். செலவு எங்களுடையது."

"இனிமே கோசோங் இல்ல லா மச்சான்!" என்று என் மச்சான் கத்தினான்.

இன்னொரு ரொட்டி வந்தது.