கார்பனுக்குப் பக்கத்தில் இரண்டு மேடுகள்

தமிழ்ப்ரியா என்ன வேலை பார்க்கிறாள் என்று கேரள எல்லையிலிருக்கும் கோபாலபுரம் சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம் யாரைக் கேட்டாலும், "கண்ணாடி ஆராய்ச்சிங்க" என்பார்கள். அதற்கு மேல் கிளறினால், "அதென்னமோங்க, பாலக்காட்டுக் காலேசுல" என்று பேச்சை மாற்றிவிடுவார்கள். பாவம், அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? அவளும் சொல்லிப் பார்த்தவள்தான். ஒரு கல்யாணத்தில் பந்திக்குக் காத்திருந்தபோது பெரியம்மா ஒருத்தி ஆசையாகக் கேட்கவே, போனை எடுத்துக் காட்டி, "இந்தத் தெரை மேல வெரல் வெச்சா அதுக்கு எப்புடித் தெரியுதுங்க பெரிம்மா? கண்ணுக்குத் தெரியாத பூச்சு ஒண்ணு இதுமேல இருக்குது. அதுல கரண்டும் போகும், வெளிச்சமும் போகும்" என்றாள்.

"அது கெடக்குது கண்ணு, எங்களுக்கு எப்பக் கல்யாணச் சோறு போடப் போற?" என்றாள் பெரியம்மா.

அதோடு அவள் யாரிடமும் விளக்குவதை விட்டாள். உங்களுக்காவது சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் மின்சாரம் ஓடாது. தகரத்தில் ஓடும், ஆனால் தகரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. வெள்ளீய ஆக்சைடுதான் இரண்டு காரியத்தையும் ஒருசேரச் செய்கிறது. அதற்குள் எலக்ட்ரான்கள் அடைந்து கிடக்கும் கீழ்த்தளத்துக்கும், ஓடித் திரியும் மேல்தளத்துக்கும் நடுவே பெரிய இடைவெளி. நாம் பார்க்கிற வெளிச்சத்துக்கு ஓர் எலக்ட்ரானை அந்த இடைவெளி தாண்டவைக்கும் தெம்பு கிடையாது. யாரையும் தொந்தரவு செய்யாமல் அந்தப் பக்கம் போய்விடும். வேறோர் உலோகத்தைத் துளி கலந்தால் மேல்தளத்தில் கொஞ்சம் எலக்ட்ரான்கள் சேரும், மின்சாரம் ஓடும். எக்ஸ்-கதிரை அடித்து, வெளியே தெறிக்கிற எலக்ட்ரான்களின் வேகத்தை அளந்தால், உள்ளே எது எங்கே இருந்தது என்று கணினித் திரையில் மேடும் பள்ளமுமாகக் கோடு வரும். தமிழ்ப்ரியாவுக்கு இருந்தது ஒரே கேள்வி. அந்த மேல்தளத்து எலக்ட்ரான்கள் பூச்சு முழுக்கப் பரவியிருக்கின்றனவா, இல்லை, உள்ளே இடமிருந்தும் படியில் தொங்குகிற கொழிஞ்சாம்பாறை பஸ் கூட்டம் மாதிரி மேல்முகத்திலேயே நெரிகின்றனவா? இதற்கு விடை கிடைத்தால் டாக்டர் பட்டம். கிடைக்காவிட்டால் முப்பத்திரண்டு வயதில் வெறுங்கையோடு வீட்டுக்கு.

அந்த வீடும் எப்படிப்பட்ட வீடு என்கிறீர்கள்! இருப்பது இரண்டே பேர். அம்மா மருதாத்தாள் போய்ச் சேர்ந்த பிறகு, அப்பா சென்னியப்பன் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சொந்தத்தில் மகளைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்தார். வெற்றிலை பாக்கு மாற்ற நாளும் குறித்தாயிற்று. அப்போது பார்த்து அவள், "வேண்டாங்கப்பா, படிச்சு முடிச்சுக்கறேன்" என்றாள். அன்றைக்கு வாயை மூடிய மனுஷன்தான். தென்னந்தோப்பில் இவ்வளவு பேச்சு, தண்ணீர்ப் பங்கில் அவ்வளவு பேச்சு, மகளிடம் ஒரு சொல் கிடையாது. சொல்லியே ஆகவேண்டியதை எருமையிடம் சொல்வார். "ஏ கருப்பி, நாளைக்கு பஸ்ஸு ஸ்ட்ரைக்காமா, கேட்டுக்க." "கருப்பி, சோறு ஆறிப்போவுது பாரு." கருப்பி அசைபோடும். மகள் கேட்டுக்கொள்வாள். அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு பழகிப்போயிற்று.

வடக்கே ஒரு பெரிய ஆராய்ச்சிக்கூடத்தில், எலக்ட்ரான்களை வட்டமாகச் சுற்றவிட்டு எக்ஸ்-கதிர் எடுக்கிற வளைய எந்திரம் இருக்கிறது. பாலக்காட்டில் இருப்பதைவிடப் பல மடங்கு கூர்மையான கதிர் அங்கே கிடைக்கும். வரிசையில் காத்துக் கிடந்து சில நாட்கள் அதில் வேலை செய்ய அவளுக்கு இடம் கிடைத்தது. பூச்சுப் பூசிய சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை ஒரு குழிப்பெட்டியில் அடுக்கிக்கொண்டு ரயிலேறினாள். வேறோர் ஊர், வேறொரு பாஷை, குளிர்சாதனம் இரைகிற கூடம். பூமிக்கு அடியில் இருப்பதுபோல் பகலா இரவா தெரியாமல் உட்கார்ந்திருந்தாள். துண்டுகளைக் காற்றடித்து ஊதி, காற்றில்லாத அறைக்குள் வைத்து, லேசாகச் சூடாக்கி, கதிரை விட்டாள். வந்தது பாருங்கள் மேடு! மேல்முகத்தில் எலக்ட்ரான்கள் அப்படி நெரிந்தன. அவள் எதிர்பார்த்ததைவிடப் பெரிது.

சொல்வதற்கு ஆளில்லை. கான்டீனில் டீ ஊற்றியவரிடமா சொல்வது? அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் எடுத்தார். பேசவில்லை. தோப்பில் காக்கை கத்துவது கேட்டது. "அப்பா, மேடு வந்துருச்சுங்க" என்றாள். மறுமுனையில் மூச்சு மட்டும் வந்தது. பிறகு இவளே வைத்துவிட்டாள்.

ஊர் திரும்பிக் கட்டுரையை எழுதி வழிகாட்டியிடம் கொடுத்தாள். ஸ்ரீலேகா மேடம் பாலக்காட்டுக் கல்பாத்தி அக்கிரகாரத்துக்காரர். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு திரையைப் பார்த்தால் எறும்புகூடத் தப்பாது.

"தமிழ்ப்ரியா, இங்க வா. கார்பன் பக்கத்துல ரெண்டு குட்டி மேடு இருக்கே, அது என்னதாக்கும்?"

"அழுக்கா இருக்கும் மேடம்."

"அழுக்குக்கும் ஒரு பேர் உண்டோன்னோ? இது பொட்டாசியமாக்கும். அது மேல உக்காந்தா, தன் எலக்ட்ரானைத் தூக்கிக் கொடுத்துடும். உன் கூட்டம் தானா வந்ததோ, இது கூட்டிண்டு வந்ததோ, யார் கண்டா? மொதல்ல முழுக்க ஒரு நீளக் கோடு எடுத்துப் பாத்தியோ?"

அவள் எடுக்கவில்லை. என்னென்ன தனிமங்கள் ஒட்டியிருக்கின்றன என்று முதலில் நீளமாக ஒரு கோடு எடுப்பதுதான் முறை. கிடைத்த நேரம் கரைகிறதே என்று அதை விட்டுவிட்டு, நேராகத் தனக்கு வேண்டிய இடத்துக்குப் போய்விட்டாள். காற்றுப்பட்ட எந்தப் பொருளிலும் கார்பன் ஒட்டியிருக்கும் என்பதால், அதன் பக்கத்தில் எது இருந்தாலும் யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. இவளும் பார்க்கவில்லை.

அதே துண்டுகளைக் கல்லூரியின் சின்ன எந்திரத்தில் வைத்து நீளக் கோடு எடுத்தாள். பொட்டாசியம் வந்தது. கால்சியம் வந்தது. பாஸ்பரஸ், சிலிக்கன் என்று ஒவ்வொன்றாக வந்தன. "எங்கேர்ந்துடி வந்தது இதெல்லாம்?" என்று மேடம் வியந்தார். தமிழ்ப்ரியா விவசாயி மகள். பொட்டாசியத்துக்கு அவள் வீட்டில் பெயர் சாம்பல் சத்து. அந்த உரம் கிடைக்காத வருஷம் தென்னைக்கு அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டவள் அவள். குழிப்பெட்டியின் மூடியை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். ஓரத்து இடுக்கில் வெள்ளையாக ஒரு தீற்றல் இருந்தது. மோந்து பார்க்கவே தேவையில்லை, அது திருநீறு.

அன்று பஸ்ஸில் வந்ததே தெரியவில்லை. அப்பா மாட்டுச்சாளையில் கருப்பிக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். பையைக்கூட இறக்காமல் போய் நின்றாள்.

"அப்பா, என்ற பொட்டியத் தொறந்தீங்களா?"

சென்னியப்பன் சோளத்தட்டைக் கீழே வைத்தார். கருப்பியைப் பார்த்தார். அதன்மூலம் சொல்ல முடியாத விஷயம் என்று அவருக்கே தெரிந்துவிட்டது போலும்.

"தொறந்தேன்" என்றார், மகளைப் பார்த்து. "அத்தனை தூரம் போற புள்ள. மாரியம்மன் கோயல் துண்ணூறு. உன்ற நெத்தீல வெக்கோணும்னா பேசோணுமில்ல. நாந்தான் பேசறதில்லியே. அதுக்குத்தான் கண்ணாடி ஒவ்வொண்ணுக்கும் ஒரு மூலைல தொட்டு வெச்சேன்."

அவள் அந்த இடத்தில் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வருஷக்கணக்காகச் சேர்ந்த பேச்செல்லாம் மடை உடைத்துக்கொண்டு வந்தது. "உங்க துண்ணூறு என்ற பொழப்பையே நாசம் பண்ணிப்போட்டுது! ஊதுனா பொடி போகும், அதுல இருக்கற பொட்டாசு போகுமுங்களா? சூடு பண்ணுனா கண்ணாடி மொகமெல்லாம் பரவிப்போச்சு. இனிமே என்ற சாமானத் தொடாதீங்க. எம் பக்கமே வராதீங்க."

"செரி" என்றார் அவர். ஒரே சொல். தட்டை எடுத்துப் போட ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து கருப்பியிடம்கூடப் பேசுவதை நிறுத்திவிட்டார். சோறு ஆறினால் ஆறியது, பஸ் ஓடாவிட்டால் ஓடவில்லை. முன்பெல்லாம் கருப்பிக்குச் சொன்ன சாக்கில் வீட்டுக்குள் ஒரு குரலாவது இருந்தது. இப்போது அதுவும் போனதும்தான், அது எவ்வளவு பெரிய துணையாக இருந்தது என்று அவளுக்கு உறைத்தது. மன்னிப்புக் கேட்க நினைத்து இரண்டொரு தடவை சாளை வரைக்கும் போனாள். அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நகர்ந்துவிட்டார். எம் பக்கமே வராதீங்க என்று சொன்னவள் அவள்தானே!

ஸ்ரீலேகா மேடம் யார் யாரிடமோ கெஞ்சி மறுபடியும் கொஞ்சம் நேரம் வாங்கிக் கொடுத்தார். புதுக் கண்ணாடிகள், புதுப் பூச்சு. கிளம்பிய காலையில் பெட்டியை மேஜைமேல் வைத்துவிட்டு, வேண்டுமென்றே நேரம் எடுத்துக் குளித்தாள். எதற்கென்று அவளுக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. வந்து பார்த்தபோது பெட்டி வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அப்பா சாளைக்குள் இருந்தார். வெளியே வரவில்லை.

இந்த முறை நீளக் கோட்டைத்தான் முதலில் எடுத்தாள். வெள்ளீயம் இருந்தது, ஆக்சிஜன் இருந்தது, எப்போதும் போல் கார்பன் இருந்தது. கார்பனுக்குப் பக்கத்தில் கூட்டித் துடைத்த தரை மாதிரி ஒன்றுமே இல்லை. பிறகு தன் மேட்டைத் தேடினாள். இருந்தது. பழையதில் கால்வாசிகூட இல்லை, ஆனால் யாரும் கொண்டுவந்து ஒட்டாமல் பூச்சு தானாகவே கொடுத்த மேடு. எலக்ட்ரான்கள் மேல்முகத்தில் நெரிவது உண்மைதான். பட்டம் கிடைத்துவிடும். அவள் ஜெயித்துவிட்டாள்.

ஜெயித்தவள் மேட்டைப் பார்க்கவில்லை. அந்த வெற்றுத் தரையைத்தான் மறுபடி மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள். இவ்வளவு கூர்மையான எந்திரத்துக்கும் அப்பா அங்கே தட்டுப்படவில்லை. அழுகை வந்தது. யாருமில்லாத கூடம், அழுவதற்கு வசதியாகத்தான் இருந்தது.

முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து போன் போட்டாள். அவர் எடுத்தார்.

"அப்பா, மேடு இருக்குதுங்க. சின்னதுதானுங்க. ஆனா நெசமானது."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"ஏனுங்கப்பா... இந்தவாட்டி பொட்டியத் தொடுலீங்களா?"

தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"தொடுல கண்ணு. சாளைலயே நின்னுதான் கும்புட்டேன்" என்றார் சென்னியப்பன். அப்புறம் குரல் தாழ்ந்து, பயந்துபோய்க் கேட்டார்: "அங்கிருந்து காத்துல கீத்துல வந்து ஒட்டிப்போடாதில்ல?"