கல் இல்லாத காட்டில் வந்த எதிரொலி

காத்து கருப்பு என்று யாராவது ஆரம்பித்தாலே எனக்குச் சிரிப்பு வந்துவிடும். செஞ்சி பஸ் ஸ்டாண்டு பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன், துணி கொடுக்க வருகிறவர்கள் அங்கே உருவம் பார்த்தேன், இங்கே கொலுசுச் சத்தம் கேட்டேன் என்று இழுத்தால், "வயிறு முட்ட சாப்ட்டு படுத்தா அப்டித்தான், அளவு குடு" என்று டேப்பை எடுத்துவிடுவேன். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தாலும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் இது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

முதலில் என் குரலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்த வீடு கோட்டை மலைக்கு அடியில். மலையில் ஆடு மேய்ப்பவர்கள் பனி மூடி வழி தெரியாமல் போனால் நின்ற இடத்திலிருந்தே நாலு பக்கமும் "ஓஓய்" என்று குரல் கொடுப்பார்கள். எந்தப் பக்கமிருந்து குரல் திரும்பி வருகிறதோ அங்கே பெரிய பாறை, அதை வைத்து இறங்கிவிடலாம். நானும் கல்யாணத்துக்கு முன் ஆடு மேய்த்தவள்தான். எங்கள் வாசலில் நின்று கூப்பிட்டால் எதிர்ப் பாறை ஒரு மூச்சு விடும் நேரம் யோசித்துவிட்டு என் குரலைத் திருப்பிக் கொடுக்கும், கடைசியில் மட்டும் லேசாகக் கம்மும். தெருவில் என் குரல்தான் சுத்தமாகத் திரும்பும். அதில் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

போன மார்கழி மாதம் நானும் என் வீட்டுக்காரர் சேகரும் சிதம்பரம் போனோம். அங்கிருந்து வாடகைக் காரில், கடலோரம் இருக்கும் சதுப்புக் காட்டைப் பார்க்கப் போய்ப் படகு ஏறினோம். நம்பினால் நம்புங்கள், அப்படி ஒரு அழகை நான் அதுவரை பார்த்ததில்லை. பாறையும் முள்ளும் பார்த்தே வளர்ந்த கண் இது. அங்கே மரமெல்லாம் தண்ணீருக்குள்ளேயே நிற்கிறது, ஒவ்வொரு மரத்துக்கும் பத்து இருபது கால், மேலே கிளை கூடிப் பச்சைப் பந்தல், கீழே அதே பந்தல் தண்ணீரிலும் தெரிகிறது. சேற்றில் ஒரு மீன் நடந்து போனது. மீன் நடக்குமா என்று கேட்காதீர்கள், நடந்தது.

படகுக்காரர்தான் அவசரப்பட்டார். "தண்ணி எறங்குது சார், போயிடலாம்."

ஏரி மட்டும் பார்த்த ஆட்கள் நாங்கள். ஏரியில் தண்ணீர் வற்ற மாசக்கணக்காகும். "தண்ணி இன்னா ஓடியா போயிடும், இரு அண்ணே, இன்னும் ரெண்டு போட்டோ எடுத்துக்கறேன்" என்றார் இவர். நானும் இன்னும் கொஞ்ச நேரம் என்றேன். கடலை ஒட்டிய தண்ணீர் தினமும் ஏறி இறங்கும் என்று எங்களுக்கு யார் சொன்னது? பார்த்துக்கொண்டிருக்கும்போதே கால்வாய் இளைத்து, படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.

படகுக்காரர் தள்ளிப் பார்த்தார், அசையவில்லை. போனிலும் டவர் இல்லை. வேறு படகு கூட்டி வருகிறேன், இறங்கிவிடாதீர்கள், சேறு இழுத்துக்கொள்ளும் என்று சொல்லிவிட்டு, வேரைப் பிடித்துப் பிடித்துப் போய்விட்டார். போனவர் போனவர்தான்.

இவருக்குச் சுகர். காலையில் மாத்திரை போட்டவர், படகு சவாரி முடிந்து சாப்பிடலாம் என்று இருந்தார். பிஸ்கெட்டும் சர்க்கரையும் இருந்த பை காரில் இருந்தது. முதலில் வியர்த்தது, பிறகு கை நடுங்கியது. "மல்லி, கண்ணு இருட்டிக்கினு வருது" என்றார். அதன்பின் நான் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னார். அழகாக இருந்த காடு அதேதான், ஆனால் எந்தப் பக்கம் பார்த்தாலும் ஒரே மாதிரி வேர்.

நல்லவேளையாகத் தண்ணீர் திரும்ப ஏற ஆரம்பித்து, படகு மெல்ல அசைந்தது. படகில் கிடந்த கழியை எடுத்து ஊன்றினேன். முன்னால் கால்வாய் மூன்றாகப் பிரிந்தது. எதில் வந்தோம் என்று தெரியவில்லை. என்ன நினைத்தேனோ, ஆடு மேய்த்த பழக்கம், நடுவில் இருந்த அகலமான கால்வாயைப் பார்த்து "ஓஓய்" என்று கூப்பிட்டேன். இலையும் சேறும் அதை விழுங்கிவிட்டது. இடது பக்கம் கூப்பிட்டேன், ஒன்றுமில்லை. வலது பக்கம் ஒரு சின்னச் சந்து, நானாக இருந்தால் அதில் நுழைந்திருக்கவே மாட்டேன். அதைப் பார்த்துக் கூப்பிட்டேன்.

ஒரு மூச்சு விடும் நேரம். பிறகு என் குரல் திரும்பி வந்தது. கடைசியில் லேசாகக் கம்மியது.

பயப்பட நேரமில்லை. கூப்பிடுவதும், பதில் வந்த பக்கம் கழி ஊன்றுவதுமாகப் போனேன். கிளை முகத்தில் அடித்தது. இவர் என் காலடியில் தலை சாய்த்துக் கிடந்தார். சட்டென்று வெளிச்சம் வந்தது, அகலமான தண்ணீர், எதிரே இன்னொரு படகில் எங்கள் படகுக்காரர். அந்தப் படகில் இருந்தவர்களிடம் குளிர்பானம் இருந்தது. வாயில் ஊற்றியதும் கொஞ்ச நேரத்தில் இவர் கண் விழித்து, "இன்னா மல்லி, அழுவுற?" என்றார்.

"இந்தச் சந்துல எப்டிக்கா வந்தீங்க? நாங்களே இதுல வர மாட்டோம்" என்றார் படகுக்காரர்.

"குரல் குடுத்தேன் அண்ணே. இங்க இருக்கிற பாறையில பட்டுத் திரும்பி வந்துது, அதப் புடிச்சிக்கினு வந்தேன்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "பாறையா? இந்தக் காடு முழுக்க ஒரு கல்லு கெடையாதுக்கா. சேறுதான். நாங்க இங்கயே சுத்தினு இருந்தோம், நீங்க கூப்ட்ட சத்தம் எதுவும் கேக்கலியே."

பதட்டத்தில் ஏதோ கேட்டிருக்கும் என்று நீங்கள் சொல்வீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அந்தக் காட்டின் மேல் எனக்கு இன்றைக்கும் ஆசைதான், என் வீட்டுக்காரரைத் திருப்பிக் கொடுத்த காடு அது.

பொங்கல் முடிந்து அம்மா வீட்டுக்குப் போனபோது, வாசலில் நின்று வழக்கம்போல மலையைப் பார்த்துக் கூப்பிட்டேன். திரும்பி வரவில்லை. தொண்டை கட்டியிருக்கும் என்று இவர் கேலி செய்துவிட்டுத் தானே கூப்பிட்டார், அவர் குரல் திரும்பியது. பக்கத்து வீட்டுக் குழந்தை கூப்பிட்டது, அதுவும் திரும்பியது. நான் மறுபடி கூப்பிட்டேன். தெருக்கோடியில் இருந்தவர்கள் என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்கள், அவ்வளவு சத்தம். பாறை மட்டும் சும்மா இருந்தது.

இன்றுவரை அப்படித்தான். கூப்பிடாமல் இருக்கவும் முடியவில்லை, போகும்போதெல்லாம் ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறேன். என் குரல் கிளம்பிப் போவது எனக்கே நன்றாகக் கேட்கிறது. எங்கே போய் நிற்கிறது என்றுதான் தெரியவில்லை.